மிக்கேல் ஊதாமல் நின்ற இரண்டு வருஷங்கள்

மிக்கேல் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கபூர் பாய். விழுப்புரம் ஜங்ஷனில் காலை பாசஞ்சரிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். கையில் டிரம்பெட் பெட்டி இல்லை. பெட்டி இல்லாமல் அவரை நான் பார்த்தது அபூர்வம்.

“மிக்கேலண்ணன் பூட்டாருப்பா,” என்றார். “நேத்து சாயங்காலம். திண்டிவனத்துல, பொண்ணு வூட்டுல.”

“இன்னா சொல்லிட்டுப் போனாரு?” என்று கேட்டேன். யாரைப் பற்றியாவது ஏதாவது சொல்லாமல் போகிற ஆள் இல்லை அவர்.

“டாக்டருக்கு ஊசி போடத் தெரியலன்னாராம். அதோட சரி.”

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு கபூர் பாய் அழுதார். நான் அழவில்லை.

அடக்கத்துக்குப் போனோம். மாதா கோவில் வாசலில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சுகளைக் கேட்டேன். தங்கமான மனுஷன் என்றார்கள். யார் மனமும் நோகாமல் நடந்தவர் என்றார்கள். ஒருவர், மிக்கேல் வாயில் பொய்யே வராது என்றார். அவரைத் தெரிந்தவர்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் குமட்டுகிறது. செத்த மனிதனுக்கு வெள்ளையடிப்பது உயிரோடிருப்பவர்களின் சோம்பேறித்தனம். அந்த ஆள் உண்மையில் எப்படியிருந்தார் என்று யோசிக்க அவர்களுக்கு உடம்பு வணங்கவில்லை, அவ்வளவுதான். முப்பதாம் நாள் ஜெபத்தில் வாசிக்க நாலு வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எங்கள் பேண்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுதியிருக்கிறேன். நாலு வரிக்குள் அடங்கவில்லை. வாசிப்பார்களா என்பதும் சந்தேகம்.

எங்கள் பேண்டில் பதினோரு பேர். மூன்று டிரம்பெட். மிக்கேல் முதலாவது, நான் இரண்டாவது, கபூர் பாய் மூன்றாவது. கபூர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்து பேண்டு ஊதுவதை வேலிக்கு வெளியே நின்று கேட்டே கற்றுக்கொண்டவர். மற்றவர்கள் நாங்கள் எல்லோரும் கூலிக்காரன் பிள்ளைகள். எங்கள் அப்பன்மார் அடுத்தவன் வயலில் அறுத்தார்கள். கோவிலில் ஒரு பங்குச் சாமியார் வாங்கிவைத்த பழைய வாத்தியங்களைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அரிவாளிலிருந்து தப்பித்தோம். தப்பித்தவர்களிலேயே அதிகம் அலட்டிக்கொண்டவர் மிக்கேல்.

அவருடைய டிரம்பெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர்வலத்தில் கண்ணாடி மாதிரி மின்னும். நான் பக்கத்தில் நின்றவன். ஜனங்களைப் பார்த்திருக்கிற பக்கத்தை மட்டும்தான் அவர் துலக்குவார். எங்களைப் பார்த்திருக்கிற பக்கம் களிம்பு பிடித்த செம்பு மாதிரிப் பச்சையாயிருக்கும். ஒருநாள் கேட்டேன். “அந்தப் பக்கம் நீதான இருக்கற? உனக்கு இன்னாத்துக்குடா மினுக்கிக் காட்டணும்?” என்றார்.

கல்யாண வீடுகளில் எங்களுக்குப் பெரும்பாலும் காத்திருப்பதுதான் வேலை. மாப்பிள்ளை குளிக்கவேண்டும், அலங்காரம் முடியவேண்டும், யாரோ ஒரு மாமன் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வரவேண்டும். அதுவரை டிரம் அடிப்பவர்கள் தூங்குவார்கள். டிரம்பெட்காரர்கள் மூவரும் பேசிக்கொண்டிருப்போம். ஒருமுறை திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாணம். எங்களைக் கொல்லைப்புறம், கரும்புச் சோகை குவித்திருந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். கபூர் பாய் மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்து உரித்தார்.

“துன்னாத பாய்,” என்றார் மிக்கேல். “மல்லாட்ட துன்னுட்டு ஊதுனா கொழாய்க்குள்ள செக்கு ஓடும்.”

“பசிக்குதுண்ணே. நேத்திலேருந்து கேப்பக் கூழுதான்.”

“கூழு குடிச்சவன் ஊதுனா மேல ஏறும். சோறு துன்னவன் ஊதுனா ஏப்பந்தான் வரும். உள்ள பாரு, நாயனக்காரரு எல போட்டு துன்னுக்கினு இருக்காரு. சீவாளிய ஊறப்போட்டுட்டு ரெண்டு மணி நேரம் ஒக்காருவாங்க. நமக்கு உதடுதான் சீவாளி. ஊறப்போட முடியுமா?”

கபூர் பாய் சிரித்துக்கொண்டே, “என் பொண்டாட்டி சொல்றாண்ணே, தூங்கும்போதுகூட நான் உதட்டக் குவிச்சி ஊதிக்கினே இருக்கேனாம்,” என்றார்.

“அதுவாவது சுருதி சேருதாமா? கேட்டியா?”

பேச்சு எங்கெங்கோ போனது. அரிசி கிடைக்காதது, என் கூரை ஒழுகுவது, கபூர் பாயின் மைத்துனன் கப்பலேறியது. எதை எடுத்தாலும் மிக்கேலுக்கு அதில் ஒரு இகழ்ச்சி கிடைத்துவிடும். புதுச்சேரிப் பட்டாளத்துக்காரன் காகிதத்தைப் பார்த்து ஊதுகிறானே, காற்றடித்துக் காகிதம் பறந்தால் என்ன செய்வான் என்றார். கிராமபோன் பெட்டியை யாரோ புகழ்ந்ததற்கு, சாவி கொடுத்தால் கத்துவதற்குப் பெயர் வாத்தியமா என்றார். கடைசியில் என்னிடம் வந்தார். “அந்தோணி, நீ ஊதறது வெந்நி கொதிக்கற மாதிரி இருக்குதுடா. சத்தம் வருது, சோறு வேகல.”

கபூர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. அந்த வாக்கியம் சரியானது என்பதுதான் அதிகம் எரிந்தது.

இப்படி உலகத்தையே துரும்பாகப் பேசியவர், அதே கொல்லைப்புறத்தில் அரைமணி கழித்து என்ன செய்தார் என்பதையும் சொல்கிறேன். மிராசுதார் பல் குத்திக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார். மிக்கேல் துள்ளி எழுந்து தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “சாமி” என்றார். மிராசுதார் எங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. “அந்தக் கொம்பு ஊதறவனுக்கு இன்னுங் கொஞ்சம் மோரு ஊத்து” என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். மேலிருந்து ஊற்றினார்கள். மிக்கேல் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். குடித்துவிட்டு எங்களிடம் வந்து, “அந்த ஆளுக்கு எம்மேல ஒரு தனி மரியாத,” என்றார்.

நானும் கையைக் குவித்துத்தான் குடித்தேன். ஆனால் அதை மரியாதை என்று சொல்லவில்லை. அன்று முதல் மிக்கேலை மனத்தில் மிகவும் கீழே வைத்தேன். வருஷக்கணக்கில் அவர் பக்கத்தில் நின்று ஊதினேன், சிரித்தேன், “அண்ணே” என்றேன். உள்ளே அவ்வளவும் இளக்காரம்தான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஊதுவார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஊர்வலம் நின்று, மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து, முதல் டிரம்பெட் மட்டும் தனியாக ஊதுகிற இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் அவர் ஊதினால் மாட்டுவண்டிக்காரன் வண்டியை நிறுத்துவான். எனக்கு அது பிடிக்காது. நல்ல சங்கீதம் நல்ல மனிதர்களிடமிருந்துதான் வரும் என்று நினைக்கிற அசடாக அப்போது இருந்தேன்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடின பஸ்களை உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, ஏற்றம் வந்தால் நம்மை இறங்கித் தள்ளச் சொல்லும். அப்படி ஒரு பஸ்ஸில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டி தாண்டி வயலில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மிக்கேல் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுத்தார். எழுந்து நின்று ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்து ஊத ஆரம்பித்தார். அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இன்னும் உரக்க ஊதினார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் போயின. டிரம்பெட்டின் அகன்ற முனை ஜன்னல் கம்பியில் இடித்து, மவுத்பீஸ் அப்படியே அவர் வாய்க்குள் இறங்கிவிட்டது. துண்டைச் சுருட்டி வாயில் அடைத்தோம். துண்டுக்குள்ளிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, “டிரைவருக்குத் தாளம் இல்ல.”

டிரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல் என்பது வீட்டுக்கு நடுத்தூண் மாதிரி. உதடு அதன்மேல்தான் சாய்ந்து நிற்கிறது. புதுச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் கட்டுப்பல் வைத்துக்கொண்டார். பேசலாம், வெற்றிலை போடலாம், சிரிக்கலாம். ஊத முடியாது. முதல் ஊதலிலேயே பல் கழன்று மவுத்பீஸ் குழிக்குள் உட்கார்ந்துகொண்டது. எங்கள் மாஸ்டர், கிளாரினெட் வாசிக்கிறவர், யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். “மூணு டிரம்பெட்டுன்னு பேசி ஒத்துக்கினோம். மூணு நிக்கணும்,” என்றார். “நீ சொம்மா புடிச்சிக்கினு நில்லு மிக்கேலு. உன் பாகத்த அந்தோணி ஊதட்டும். இந்த முகூர்த்த மாசம் போவட்டும், பாத்துக்கலாம்.”

அந்த முகூர்த்த மாசம் இரண்டு வருஷம் நீடித்தது.

இரண்டு வருஷம் அவர் வரிசையில் முதலாவதாக நின்றார், ஊதாமல். சும்மா பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார் மாஸ்டர். சும்மா நிற்க அவரால் முடியுமா? கன்னத்தை உப்பவைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கழுத்து நரம்பு புடைக்கும். விரல்கள் பொத்தான்களில் பிசகாமல் விளையாடும். பாட்டு முடிந்ததும் மூச்சிரைக்க நெற்றியைத் துடைத்துக்கொள்வார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஊதாத டிரம்பெட்டைக் கவிழ்த்து அதிலிருந்து எச்சிலை உதறுவார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதைவிட மோசம், பிறகு பேசுகிற பேச்சு. ஜங்ஷன் பெஞ்சில் வண்டிக்குக் காத்திருக்கும்போது, “இன்னிக்கி அந்த மேல் சுரத்த நான் கொஞ்சம் ஜல்தியா வுட்டுட்டேன்,” என்பார். நான் என்றால் நான். ஊதினவன் நான். “நாளைக்கி சரி பண்ணிக்கறேன்” என்பார். மறுநாள் நான்தான் சரிசெய்தேன். அவர் சொன்ன திருத்தங்களில் ஒன்றுகூடத் தவறாயிருந்ததில்லை. எனக்கு வெந்நீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்த காலம் போய்ச் சோறும் வேக ஆரம்பித்தது அந்த இரண்டு வருஷத்தில்தான். அதற்கு நான் அவருக்கு நன்றி பாராட்டவில்லை. திருடனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று நினைத்தேன்.

திண்டிவனத்தில் ஒரு மரவாடிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், தனியாக ஊதுகிற இடத்தை நான் என் வாழ்நாளில் அதுவரை ஊதாதபடி ஊதினேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் மரவாடிக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, ஜரிகைத் துண்டு ஒன்றை மிக்கேல் தோளில் போர்த்திக் கைகூப்பினார். மிக்கேல் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கும் அதைப் போர்த்திக்கொண்டேதான் போனார்.

“வுடுப்பா,” என்றார் கபூர் பாய், பஸ்ஸில். “அவருக்குப் பல்லே போச்சி. உனுக்கு இன்னா போச்சி?”

“துண்டு போச்சி,” என்றேன்.

“உனுக்கு ஒதடு இருக்குதே. இன்னும் எத்தினி துண்டு வரும்.”

கபூர் பாய் அப்படிப்பட்டவர். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

மிக்கேலுக்கு ஒரே மகள், லூர்து மேரி. திண்டிவனத்தில் ஒரு தையற்கடைக்காரர் மகனுக்கு நிச்சயமாயிற்று. கூலி வேலைக்கு வயலில் இறங்காத குடும்பம், டவுன் சம்பந்தம். மிக்கேலைக் கையில் பிடிக்க முடியவில்லை. சம்பந்தியிடம் போய், ஜில்லாவிலேயே தான்தான் முதல் டிரம்பெட் என்றும், மகள் கல்யாணத்தில் தானே நின்று ஊதப்போவதாகவும் சொல்லிவிட்டு வந்தார். அதற்கென்று ஒரு மெட்டையும் சொந்தமாகக் கட்டினார். ஒரு மாதம், பகலில் வண்டிக்குக் காத்திருந்த நேரமெல்லாம், ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து அதை எனக்கு வாயால் பாடிக் காட்டினார். நான் ஊதினேன். “இல்ல”, “இல்ல”, “கழுத, இல்ல” என்று கடைசிவரை சொன்னார். கபூர் பாய் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அழகான மெட்டு. அதைச் சொல்லவே எனக்கு இன்றும் வாய் கோணுகிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உதவி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை “தம்பி, எனக்காக” என்று கேட்டிருந்தால் போதும். “நாளைக்கி என் மானம் உன் ஒதட்டுல இருக்குதுடா,” என்றார். “கெடுத்துடாத. உனுக்குக் கெடுக்கத்தான் வரும்.”

மறுநாள் காலை பூசை முடிந்து கோவில் வாசலில் சம்பந்தி எங்களைப் பார்க்க வந்தார். மிக்கேல் என் தோளில் கைவைத்து, “இவன் அந்தோணி. எனக்குக் கீழ ஊதறவன். இன்னும் பத்து வருஷத்துல தேறிடுவான்,” என்றார். தையற்கடைக்காரர், பாவம், நல்ல மனிதர், என் முதுகில் தட்டி, “நல்லா கத்துக்கப்பா,” என்றார். அப்போது தீர்மானித்தேன்.

ஊர்வலம் தெருக்கள் சுற்றி மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. மாஸ்டர் கையைத் தூக்கினார். டிரம் ஓய்ந்தது, கிளாரினெட் ஓய்ந்தது. மிக்கேல் அங்கியின் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்து டிரம்பெட்டை வாயில் வைத்தார். நான் அவருக்கு ஓரடி பின்னால். ஊத ஆரம்பித்தேன். மெட்டின் முதல் அடி. இரண்டாம் அடி. நிறுத்தினேன்.

மூச்சுத் திணறியது, உதடு வறண்டது என்றெல்லாம் பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். வேண்டுமென்றேதான் நிறுத்தினேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். அதனால் விரல்கள் இன்னும் சிறிது நேரம் ஆடிக்கொண்டிருந்தன. சத்தமில்லாத தெருவில் டிரம்பெட் பொத்தான்கள் டக் டக்கென்று எழுந்து அமுங்குவது எல்லோருக்கும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. என்னை அளவெடுக்கிற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான்.

பிறகு வாயில் கைவிட்டுக் கட்டுப்பல்லைக் கழற்றினார். சம்பந்தி பார்க்க, ஊர் பார்க்க, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டிரம்பெட்டை வெறும் ஈறின்மேல் வைத்து அழுத்தி, நான் விட்ட இடத்திலிருந்து ஊதினார்.

அதை ஊதல் என்று சொல்ல முடியாது. காற்று இரண்டு பக்கமும் பீறிட்டது. சுரம் வருகிற இடத்தில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஒரு ஓசை வந்தது; வராத இடத்தில் எச்சில் சத்தம் வந்தது. ஜனம் சிரித்தது. சிறுவர் பெரியவர் என்றில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. ஒரு அடியைக்கூட விழுங்கவில்லை, ஒரு இடத்தில்கூட வேகம் கூட்டவில்லை. மூன்றாம் அடி, நாலாம் அடி, மறுபடி முதலடி என்று மெட்டை முழுவதும் முடித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. மோவாயிலிருந்து ரத்தம் அங்கியில் சொட்டிக்கொண்டிருந்தது.

டிரம்பெட்டை இறக்கிச் சம்பந்தியைப் பார்த்தார். “பல்லு போச்சி சம்மந்தி,” என்றார். பல்லில்லாத வாயில் வார்த்தைகள் குழறின. “ரெண்டு வருசமாச்சி. ஊதறது நான் இல்ல, இவன். நல்லா ஊதுவான்.” கொஞ்சம் நிறுத்தி, “இன்னிக்கி மறந்துட்டான்,” என்றார்.

“அப்ப இத்தினி நாளா நீங்க?” என்று கேட்டார் சம்பந்தி.

“நின்னேன்.”

மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் யாரோ, பொய்க்காரன் வீட்டில் பெண் எடுத்துவிட்டோமே என்று முணுமுணுத்தார்கள். லூர்து மேரி மாப்பிள்ளை பக்கத்திலிருந்து விலகி வந்தாள். கையிலிருந்த கைக்குட்டையால் அப்பன் மோவாயைத் துடைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கண் காய்ந்திருந்தது.

“சித்தப்பா, ஊதுங்க,” என்றாள். “இன்னிக்கி எனக்குக் கல்யாணம்.”

தூக்கினேன். உதடு சேரவில்லை. இந்தத் தடவை உண்மையிலேயே வரவில்லை. காற்றுப் போனது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. அவள் காத்துக்கொண்டு நின்றாள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து மெட்டு எழும்பியது. கபூர் பாய். மூன்றாம் டிரம்பெட் என்று நாங்கள் இருவரும் கணக்கில் சேர்க்காத மனிதர், டீ குடித்துக்கொண்டே கேட்டதை முதலடியிலிருந்து ஊதினார். சுமாராகத்தான் ஊதினார். பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் போனார்கள்.

அந்தத் திருமணம் கெட்டுப்போகவில்லை. தையற்கடைக்காரர் கொஞ்ச நாள் “ஊதாத சம்மந்தி” என்று கேலி செய்தார், அப்புறம் அந்தக் கேலிக்காகவே மிக்கேலைத் தேடினார். மிக்கேலின் மனைவி இறந்தபிறகு அவரைத் தன் வீட்டிலேயே கூட்டிவைத்துக்கொண்டார். அடக்கத்தில் தங்கமான மனுஷன் என்று அதிகம் சொன்னவர் அவர்தான். சொல்லட்டும். அவருக்கு மட்டும் அந்த உரிமை இருக்கிறது.

மிக்கேல் அன்றைக்கே பேண்டை விட்டார். நான் முதலாவதானேன். அதற்கப்புறம் திண்டிவனம் பக்கம் ஊதப் போகும்போதெல்லாம் கபூர் பாய் என்னையும் தையற்கடைக்கு இழுத்துக்கொண்டு போவார். கடை பெஞ்சில் மிக்கேல் உட்கார்ந்திருப்பார். உலகத்தில் ஒன்றும் சரியில்லை என்ற பேச்சு அப்படியே இருந்தது. புதிதாக வந்த ஒலிபெருக்கியைத் திட்டுவார், டவுன் காபியைத் திட்டுவார், சுதந்திரம் வந்த அன்று ஊதிய பேண்டில் ஒருவனுக்கும் தாளம் நிற்கவில்லை என்பார். கபூர் பாயைப் பிடித்தால் விடமாட்டார். “பாய், போன வாரம் பெரிய தெருவுல நீ ஊதனத நான் இங்கேருந்தே கேட்டேன். கழுதகூட அந்த எடத்துல மூச்சு வாங்கிட்டுத்தான்யா கத்தும்.” கபூர் பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

என்னிடம் மட்டும் அப்படிப் பேசவில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட என்னை டேய் என்று கூப்பிடவில்லை. என் ஊதலில் ஒரு குற்றம் சொல்லவில்லை. “வாங்க அந்தோணி, ஒக்காருங்க,” என்பார். “நேத்து நல்லா ஊதுனீங்க.” சரியாக ஊதாத நாளிலும் அதையேதான் சொன்னார். ஒருமுறை கபூர் பாய் வெற்றிலை வாங்கப் போயிருந்தபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அண்ணே, அன்னிக்கி நான்…” என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் இன்னாத்துக்குங்க,” என்றார். “காபி சாப்புடறீங்களா?”

கடைசியாகப் பார்த்தது இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு. படுத்திருந்தார். கபூர் பாயைக் கால் மணி நேரம் திட்டித் தீர்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க நல்லா ஊதறீங்க,” என்றார். திரும்பும் பஸ்ஸில் கபூர் பாய் தனக்குக் கிடைத்த வசவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவருடைய டிரம்பெட்டை லூர்து மேரி கபூர் பாய்க்குக் கொடுத்துவிட்டாள். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. நான் எதையும் கேட்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒன்று இருக்கிறது, அதை யாரும் பங்கு கேட்க வரமாட்டார்கள்: வார்த்தைக்குப் பின்னால் அவர் ஒட்டவைத்துக் கொடுத்த அந்த ‘ங்க’. யாராவது என்னை மரியாதையாக “வாங்க” என்று கூப்பிட்டால் இன்றும் எனக்கு முகம் சுருங்கிவிடுகிறது.